பொண்ணு கேட்டு வந்த ஜீவராஜ்

“இந்தக் குடிகாரப் பயலுக்கு எம் பொண்ணக் குடுக்கணுமா?”

பெரியதம்பி வெற்றிலைத் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொண்ணு கேட்டு வந்த ஜீவராஜ், தேயிலைத் தோட்டத் தலைவர் கணேசமூர்த்தியின் முதுகுக்குப் பின்னால் பாதி ஒளிந்து உட்கார்ந்திருந்தான். லயத்து வீட்டுத் தகரக் கூரையில் மழை வேறு போட்டுச் சாத்தியது.

“குடிச்சான்தாங்க, இல்லேங்கல. இப்ப விட்டுட்டான். ஹட்டன்ல சொந்தமா ஆட்டோ ஓட்டுறான்” என்றார் தலைவர்.

“கட்டுனவ தாலிய வித்துக் கசிப்புக் குடிச்சவன்தானே?”

தலைவருக்குப் பொய் சொல்ல ஆசைதான். பொகவந்தலாவை ஊருக்கே தெரிந்த கதையில் என்னத்தைப் பொய் சொல்வது?

“அதுக்குத்தான் அவளும் வெளக்குமாத்தால வெளுத்துத் தொரத்திட்டாளே.”

“மாமனார் புள்ள மாதிரி வளத்த சேவலத் திருடித் தின்னானே, அதுக்கு?”

“அதுல கறியே இல்ல மாமா” என்று வாயை விட்டான் ஜீவராஜ். தலைவர் அவன் தொடையில் நறுக்கென்று கிள்ளினார். பெரியதம்பி முறைத்த முறைப்பில் ஈர விறகே பற்றிக்கொள்ளும்.

“நாம பேசி என்னங்க ஆகப்போவுது? பொண்ணக் கூப்பிடுங்க” என்றார் தலைவர்.

ஜீவராஜ் உள்வாசலையே பார்த்தான். கோசலாவுக்காகத்தான் அந்தக் குடிச் சனியனை விட்டொழித்தான். கை நடுங்க, கால் நடுங்க, சுவரைப் பிடித்துக்கொண்டு விட்டான். அவள் மாட்டேன் என்றுவிட்டால் அப்புறம் ஆட்டோ எதற்கு, ஆள்தான் எதற்கு?

கோசலா பிளேன்டீயோடு வந்தாள். தலையெல்லாம் குனியவில்லை. நேரே அவன் முன்னால் வந்து நின்றாள்.

“மறுபடி குடிச்சா?”

“இந்தத் தோட்டத்துப் பக்கமே வரமாட்டேன்.”

“அடுப்பு மூட்டுவீங்களா?”

“மூட்டுவேன். ரொட்டியும் சுடுவேன்.”

“கருக்காம?”

அவன் கொஞ்சம் யோசித்தான். “பழகிக்கிறேன்.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கிவிட்டது. “தட்ட வாங்குங்கப்பா. முறையா வந்து கேக்கச் சொன்னேன், வந்துட்டாரு. எனக்கு இவரத்தான் புடிச்சிருக்கு.”

ஜீவராஜ் வெட்கமில்லாமல் அழுதான். பெரியதம்பி தலையில் அடித்துக்கொண்டே தட்டைக் கையில் வாங்கினார்.

“ஒரே பொண்ண ஒரே பயலுக்கு ரெண்டாவது வாட்டியும் கட்டிக் குடுக்குற கேணயன், இந்த மலையிலேயே நான் ஒருத்தன்தான்யா.”