எருமை போட்ட ஓட்டு

தேசிய விவசாயிகள் பேரவையில் மாடுகளுக்கும் ஓட்டுரிமை வந்த முதல் தேர்தலிலேயே, வட்டத் தலைவர் ஒச்சப்பன் தோற்றுப்போனார். அவர் வீட்டு எருமையே அவருக்கு ஓட்டுப் போடவில்லை என்று உசிலம்பட்டியே சிரித்தது. கஞ்சி போட்ட வேட்டியோடு நேராகத் தொழுவத்துக்குப் போனார்.

“இருவது வருசமா மாடு கன்னுக்காக டெல்லி வரைக்கும் போயிக் கத்துனேன். எனக்கு ஏன் போடல?”

எருமை கனைத்தது. ஓட்டுரிமையோடு மாடுகளுக்குக் கொடுத்த மொழிபெயர்ப்புக் கழுத்துப்பட்டை அதைத் தமிழில் சொன்னது: “யாருத்தா இந்தாளு?”

சாணி அள்ளிக்கொண்டிருந்த மனைவி ராக்கம்மா நிமிரவே இல்லை. “எம் புருசன்தான்டி. இன்னைக்குத்தான் தொழுவத்துக்குள்ள வந்திருக்காரு.”

ஒச்சப்பனுக்கு முகம் சுண்டிப்போனது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாணிக்கூடையை அவளிடமிருந்து வாங்கினார். வாசல்வரை போய் நின்றுவிட்டார்.

“குப்பைக்குழி எந்தப் பக்கம்?”

“கிழக்கால,” என்றது எருமை.