பூட்டுக்கு விழுந்த மாலை

குணவதியின் ஃபேன்சி ஸ்டோருக்கு நிவாரணம் கிடையாது என்று கடைத்தெருக் கம்பத்தில் நகராட்சி மாட்டியிருந்த கேமரா சொல்லிவிட்டது. கொள்ளைநோயில் மூடிக் கிடந்த கடைக்குத்தான் பணமாம்.

"நானும் மூடித்தானே வெச்சிருந்தேன்?" என்று அண்ணாந்து கத்தினாள்.

"தினமும் சாயங்காலம் ஷட்டரைத் தூக்கினீர்கள், சகோதரி. உள்ளே வெளிச்சம் தெரிந்தது. அது வியாபாரம்." குரலில் தேன் ஒழுகியது.

"அட கட்டைல போறவனே! லெச்சுமிக்கு விளக்கு ஏத்துனேன்டா! ஒரு ஊக்குகூட விக்கல."

"லெச்சுமி என்ற வாடிக்கையாளர் பதிவாகிவிட்டார். நன்றி, சகோதரி."

குணவதி காறித் துப்பினாள். மனுஷனாக இருந்தால் மூஞ்சியில் துப்பியிருக்கலாம். கம்பத்துக்கு ஏது மூஞ்சி?

அதற்குள் கவுன்சிலர் மேளதாளத்தோடு வந்துவிட்டார். வார்டிலேயே ஒருநாளும் ஷட்டரைத் தூக்காத ஒரே கடைக்கு இரட்டை நிவாரணம், கூடவே 'முன்மாதிரி வணிகர்' பட்டம். பக்கத்து செல்போன் ரிப்பேர் கடை முன்னால் மாலையும் கையுமாக நின்று, "அருளப்பன் எங்கம்மா?" என்று குணவதியிடம் கேட்டார்.

"அவர் காய்ச்சல் வந்த புதுசுலயே போய்ச் சேந்துட்டாரே!"

கவுன்சிலர் கம்பத்தைப் பார்த்தார். "தகுதி சரியாக உள்ளது," என்றது கேமரா. அவ்வளவுதான், மாலையைப் பூட்டில் மாட்டிவிட்டு, எல்லோரும் பல்லைக் காட்டிக்கொண்டு போட்டோவுக்கு நின்றார்கள்.

"த்தூ! அடுத்த நோய்க்கு நானும் செத்துத் தொலையறேன், அப்பவாவது குடுங்கடா!" என்றாள் குணவதி.

"நன்றி, சகோதரி," என்றது கம்பம். "உங்கள் விண்ணப்பம் பதிவாகிவிட்டது."