நாலு டிகிரி

"சீல் கிளம்பியாச்சு! வண்டி உங்க பக்கம்தான் திரும்புது!"

போனில் கத்திவிட்டு வைத்துவிட்டாள் கோடித்தெரு அக்கா.

சீல் என்பது சுகாதாரத் துறை இன்ஸ்பெக்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் எதுவோ, தப்பைக் கண்டால் கதவுக்கு சீல் வைப்பவர் என்று ஊரிலுள்ள நர்ஸுகள் வைத்த பெயர்தான் நிலைத்துவிட்டது. அவர் வண்டி கண்ணில் பட்டால் முதல் போன் கோடித்தெரு கிளினிக்கின் நர்ஸ் அக்காவிடமிருந்துதான் வரும்.

இந்தப் பக்கம் போனை வைத்த சிஸ்டர் ஃப்ரிட்ஜ் கதவைத் திரும்பிப் பார்த்தாள்.

அவள் வேலை பார்ப்பது குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடும் கிளினிக். ஊசி மருந்து இருக்கும் ஃப்ரிட்ஜ் இரண்டு டிகிரிக்குக் கீழே போகக் கூடாது, எட்டுக்கு மேலே ஏறக் கூடாது. தினமும் காலையும் சாயங்காலமும் பார்த்து, கதவில் தொங்கும் அட்டையில் எழுத வேண்டும். சிஸ்டரும் ஒழுங்காக எழுதியிருந்தாள். அதுதான் இப்போது வினையாகிவிட்டது.

போன திங்கட்கிழமைக் கட்டத்தில் பதினாலு என்று இருந்தது.

"இதை இன்னுமா தொங்க விட்டிருக்கீங்க?" டாக்டரம்மா பதறினாள். "புது அட்டை எடுங்க. எல்லாக் கட்டத்திலயும் நாலு போடுங்க. ஊரே நாலுதான் போடுது, நமக்கு மட்டும் எதுக்கு வம்பு? சீல் வச்சுட்டா நாளைக்கு நீங்களும் நானும் வீட்லதான் உட்காரணும்."

சிஸ்டரின் சம்பளத்தில்தான் வீட்டில் நாலு வயிறு நிறைகிறது. பழைய அட்டையை மேஜை இழுப்பறையில் போட்டுவிட்டு எழுத உட்கார்ந்தாள்.

நாலு, நாலு, நாலு. கடைசிக் கட்டத்துக்கு அவள் வருவதற்கும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்பதற்கும் சரியாக இருந்தது.

சீல் உட்காரவில்லை. தண்ணீர் வேண்டாம் என்றார். அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இப்ப மணி என்னம்மா?"

"பதினொண்ணு சார்."

"இன்னிக்குச் சாயங்காலம் நாலு டிகிரின்னு எழுதியிருக்கே. யார் போய்ப் பார்த்துட்டு வந்தாங்க?"

சிஸ்டர் அட்டையை எட்டிப் பார்த்தாள். எழுதிய வேகத்தில் இன்றைய சாயங்காலக் கட்டத்தையும் சேர்த்து நிரப்பித் தொலைத்திருக்கிறாள்!

"வேற ஒரு அட்டை இருக்குமே, அதைக் கொடுங்க" என்றார் அவர்.

டாக்டரம்மா அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். 'கை தவறி எழுதிட்டேன் சார்' என்ற வார்த்தை சிஸ்டரின் நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் இன்னொரு பொய்யைத் தாங்க அவளுக்குத் தெம்பில்லை. மேஜை இழுப்பறையைத் திறந்து நிஜ அட்டையை எடுத்து நீட்டினாள்.

சீலின் விரல் பதினாலில் வந்து நின்றது.

"ஊர்ல கரண்ட் போகலையே. பிளக்கைப் பிடுங்கினது யாரு?"

"நான்தான்" என்றாள் டாக்டரம்மா, யாரும் எதிர்பாராமல். "சனிக்கிழமை போன் சார்ஜ் போட்டேன், திரும்ப மாட்ட மறந்துட்டேன். ஞாயிறு லீவு. சிஸ்டர் மேல தப்பில்லை."

"கொஞ்சம் என் மேலயும் இருக்கு சார்" என்றாள் சிஸ்டர். "திங்கட்கிழமை நல்ல கூட்டம். டிகிரி பார்க்காம ரெண்டு குழந்தைக்கு ஊசி போட்டுட்டேன். அப்புறம்தான் கவனிச்சேன். மிச்ச மருந்தையெல்லாம் ஒதுக்கிட்டோம். மருந்துக் கம்பெனியில கேட்டு, ரெண்டு அம்மாவையும் கூப்பிட்டு, உண்மையைச் சொல்லி, புது மருந்து போட்டோம். ரெண்டு பேரும் கிழி கிழின்னு கிழிச்சாங்க. எல்லாம் பின்பக்கத்துல எழுதியிருக்கேன்."

அவர் அட்டையைத் திருப்பி, ஒரு வரி விடாமல் படித்தார். பிறகு பைக்குள் கையை விட்டார். அரக்கும் தீப்பெட்டியும் வரப்போகிறது என்று சிஸ்டர் கண்ணை மூடிக்கொண்டாள்.

வந்தது பேனாதான். பதினாலுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

"இதையே தொங்க விடுங்க. ஃப்ரிட்ஜ் பிளக்கைச் சுத்தி டேப் ஒட்டிடுங்க."

அந்த நேரம் பார்த்து மறுபடியும் போன் அடித்தது. கோடித்தெரு அக்காவின் குரலுக்கு ஸ்பீக்கரே வேண்டாம், அறை முழுக்கக் கேட்கும்.

"போயிட்டாரா? சீல் வச்சுட்டாரா?"

"பதினாலைக் காட்டினேன்க்கா. வைக்கலை. கையெழுத்துப் போட்டார்."

"யார்கிட்ட கதை விடுறே? பதிமூணுன்னு எழுதின பாவத்துக்கு எங்க கிளினிக்கை மூணு மாசம் இழுத்து மூடினவர்டி அவர்! நான் அன்னைக்கு அழுத அழுகை எனக்குத்தான் தெரியும்!"

சிஸ்டர் சட்டென்று போனைப் பொத்தினாள். ஆனால் எல்லாம் கேட்டாகிவிட்டது. சீலின் முகம் தொங்கிப்போயிருந்தது. அவர் போனுக்காகக் கையை நீட்டினார்.

"அம்மா, சீல்தான் பேசறேன்."

அந்தப் பக்கம் ஏதோ கீழே விழுந்து உருளும் சத்தம் கேட்டது.

"பயப்படாதீங்க. அடுத்து உங்ககிட்டதான் வரேன், சோதனை போட இல்லை. நான் வேலையில சேர்ந்த முதல் மாசம் நீங்க உண்மையை எழுதிக் காட்டினீங்க, நான் கதவை மூடினேன். மறுநாள்ல இருந்து பதினோரு வருஷமா இந்த ஊர்ல எந்த ஃப்ரிட்ஜைப் பார்த்தாலும் நாலு டிகிரிதான். அந்த நாலை எல்லார் கையிலயும் எழுத வச்சது நான்தாம்மா."