கம்பிக் கணக்கு

"ஏம்மா, சிமென்ட் கையில பட்டா அரிக்கும்னாவது உங்க சாஃப்ட்வேருக்குத் தெரியுமா?"

பென்சில் சார் கேட்டதும் அறையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தக் கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் தலைமைப் பொறியாளர் ஜோக் அடித்தால் சிரிப்பதும் வேலையின் ஒரு பகுதிதான் போலிருக்கிறது. காதில் எந்நேரமும் ஒரு பென்சில் செருகியிருப்பதால் அவருக்கு அந்தப் பெயர்.

மென்பொருள் விற்க வந்தவளும் சேர்ந்து சிரித்து வைத்தாள். இந்த மாதம் அவள் ஒன்றுகூட விற்கவில்லை. "இன்னைக்கும் வெறுங்கையோட வந்தா, நாளைக்கு வரவே வேணாம்" என்று அவளுடைய மேலாளர் காலையில்தான் அன்பாக வழியனுப்பி வைத்திருந்தார்.

"அரிப்பெல்லாம் தெரியாது சார். ஆனா கம்பி போடத் தெரியும். கட்டடத்தோட அளவு, எத்தனை மாடி, எவ்வளவு பாரம், இதை மட்டும் கொடுத்தா போதும். எந்தத் தூண்ல எத்தனை கம்பி, என்ன தடிமன், எங்க வளைக்கணும்னு அதுவே படம் போட்டுடும். உங்க ஆளுங்க மூணு வாரம் செய்யற வேலை, மூணே நிமிஷம்."

"மூணு நிமிஷமா? எங்க ஆளுங்க டீ ஆத்தவே அதைவிட அதிக நேரம் எடுத்துக்குவாங்களே!"

மறுபடியும் சிரிப்பு.

"இதோ பாரும்மா, இங்க கம்பி எண்ண நான் இருக்கேன். உங்க மெஷின் தப்பா எண்ணிச்சுன்னா, உள்ள போய் கம்பி எண்ணப் போறதும் நான்தான். கூட அது வருமா?"

"சோதிச்சுப் பாருங்க சார். நீங்க ஏற்கெனவே செஞ்ச கட்டடம் ஏதாவது ஒண்ணு கொடுங்க."

இதற்காகவே காத்திருந்தவர் போல அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"அக்கா, அந்த ஆறு மாடி ஃபைலை எடுங்க. நான் முதன்முதலா கையெழுத்துப் போட்ட கட்டடம். பதினெட்டு வருஷமா மலை மாதிரி நிக்குது!"

வரைபடப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண்மணியை அலுவலகமே அக்கா என்றுதான் கூப்பிட்டது, அவரைவிடப் பத்து வயது மூத்த பென்சில் சார் உட்பட. அக்கா அளவுகளைத் தட்டிக் கொடுத்தார். பழைய கம்பிப் படத்தையும் பக்கத்தில் சேர்த்தார்.

திரையில் மாடி மாடியாகக் கம்பிகள் முளைத்தன. எல்லாம் பச்சை. தரைத்தளத்துத் தூண்கள் மட்டும் சிவப்பு.

"அது என்ன, வெட்கப்படுதா?" என்றார் பென்சில் சார்.

"கம்பி குறையுதாம் சார். ஒவ்வொரு தூண்லயும் நீங்க எட்டு போட்டிருக்கீங்க. பதினாறு வேணும்னு சொல்லுது."

"பதினாறா! உங்க சாஃப்ட்வேர் என்ன, கம்பிக் கடைக்காரரோட மச்சானா? அத்தனை கம்பியைத் திணிச்சா காங்கிரீட்டை ஸ்பூன்லதான் ஊட்டணும்!" சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்து தொடர்ந்தார். "பதினெட்டு வருஷமா நிக்கிற கட்டடத்தைப் பார்த்து, உனக்கு நிக்கத் தெரியலைன்னு சொல்லுது பாரு. நல்ல புத்திசாலி!"

அவள் மடிக்கணினியின் ஒயரைச் சுருட்டத் தொடங்கினாள். வேலை போயிற்று. வீட்டில் எப்படிச் சொல்வது என்பதுதான் பாக்கி.

அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

"சார், மெஷின் ஆறு மாடிக்குக் கணக்குப் போட்டிருக்கு."

"ஆறு மாடிக் கட்டடத்துக்கு ஆறு மாடிக்குத்தானே போடும்? பரவாயில்லையே, எண்ணவாவது தெரியுது!"

"உங்க கணக்குத் தாள்ல நாலு மாடிதான் இருக்கு."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எப்போது நிறுத்துவது என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"அது வந்து... நாலாவது மாடி முடியறப்போ, இன்னும் ரெண்டு ஏத்தலாமான்னு ஓனர் கேட்டாரு. தாங்கும்னு சொன்னேன்."

"கணக்குப் போட்டுப் பார்த்துட்டா சொன்னீங்க சார்?"

பென்சில் சார் காதிலிருந்த பென்சிலை எடுத்தார். தாளில் கணக்குப் போட்டார். அழித்தார். மறுபடியும் போட்டார். ரப்பர் தேய்ந்ததே தவிர, விடை மாறவில்லை. பதினாறு.

அவருடைய முகத்தைப் பார்க்க அவளுக்கே பாவமாகிவிட்டது.

"விடுங்க சார். எங்க சாஃப்ட்வேரும் சில சமயம் கொஞ்சம் கூடுதலாத்தான்..." வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தன் சரக்கை அவள் குறைத்துப் பேசியது அதுவே முதல் தடவை.

"இல்லம்மா. அது சரியாத்தான் சொல்லுது. எங்க கையெழுத்துப் போடணும்?"

விலையைக்கூடப் பார்க்காமல் ஆர்டர் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். அவளால் நம்பவே முடியவில்லை.

"ரொம்ப நன்றி சார்! அடுத்த வாரம் நானே இங்க வந்து எல்லாருக்கும் பயிற்சி..."

"இங்க வேணாம். உங்க ஆபீஸ்ல வச்சுக்கலாம். இப்பவே. இருபத்திரண்டு பேரும் வர்றோம்."

"இப்பவேவா? எதுக்கு சார் இவ்வளவு அவசரம்?"

உதவிக்கு அக்காவைத் தேடினாள். நாற்காலி காலியாக இருந்தது. கைப்பையோடு அக்கா எப்போதோ கம்பி நீட்டியிருந்தார்.

பென்சில் சார் காலணியைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, அவள் பக்கம் குனிந்தார்.

"சத்தம் போடாதம்மா. எல்லாரையும் ஒவ்வொருத்தரா, பூ மாதிரி அடி வச்சு, படியில இறங்கச் சொல்லு. அப்புறமா ஏத்தினோமே ரெண்டு மாடி, அதுல மேல் மாடியிலதான் இப்ப நாம நிக்கிறோம்."