பச்சைப் பாவாடை

"என் பச்சைப் பாவாடை எங்கய்யா போச்சு?"

பூனோ மலையின் மழைச் சேற்றில் வழுக்கி விழுந்து கால் முறிந்த நிகாசியா, படுத்தபடியே கத்தினாள்.

"எனக்கென்ன தெரியும்? கொடியில கிடக்கும்," என்றான் கணவன் இலாரியோ, உருளைக்கிழங்கை உரித்துக்கொண்டே.

"தொப்பியையும் காணோம்! சரி, மின்னல்ல தாயைப் பறிகொடுத்த அந்தக் கம்பளி மயிர் அல்பாகா குட்டி என்னாச்சு? என் கையால மட்டும்தானே புட்டிப்பால் குடிக்கும்?"

"அதெல்லாம் நல்லாக் குடிக்குது," என்று சொல்லிவிட்டு வெளியே நழுவினான்.

சற்று நேரத்தில் பக்கத்து வீட்டு தொமாசா எட்டிப் பார்த்தாள். "அட, நீ இன்னும் எந்திரிக்கலையாடி? உன் பச்சைப் பாவாடையும் தொப்பியும் பட்டிக்குள்ள போறதை இப்பதானே பார்த்தேன்!"

நிகாசியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நான் கால் ஒடிஞ்சு கிடக்கேன், இவன் என் பாவாடையிலயே ஒருத்தியைக் கூட்டிட்டு வந்துட்டானா!"

தடியை ஊன்றி நொண்டி நொண்டிப் பட்டிக்குப் போனாள். அவளுடைய பாவாடையும் தொப்பியும் போட்ட ஒருத்தி, முதுகைக் காட்டிக் குந்தியிருந்தாள்.

"யாருடி நீ?"

திரும்பிய முகத்தில் மீசை இருந்தது. மடியில் குட்டி, கையில் பால்புட்டி.

"கத்தாதடி!" என்று கெஞ்சினான் இலாரியோ. "பேன்ட்டோட வந்தா மூஞ்சியிலயே துப்புது. என்னை என்னதான் பண்ணச் சொல்றே?"

நிகாசியா தலையில் அடித்துக்கொண்டாள்.

"தொப்பியைச் சாய்ச்சு வைய்யா! நான் இப்படியா வைப்பேன்? குட்டி கண்டுபிடிச்சிடப் போவுது!"