கோளாறான டிரைவ்

கல்யாணப் பத்திரிகை டைப் செய்து கொடுக்கும் ஜெய்னபின் கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோனது. ராஜபாளையத்திலிருந்து மெக்கானிக் கிறிஸ்டோ வந்து பார்த்தான்.

"டிரைவ்ல சிஸ்டம் கெட்டுக் கெடக்கும்மா. அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுருதேன்."

"அதத் தொடாதய்யா. வேற டிரைவ் மாட்டி, அதுல போட்டுத் தா."

கிறிஸ்டோ இரண்டாவது டிரைவை மாட்டி, அதில் லினக்ஸ் என்ற வேறு சிஸ்டத்தைப் போட்டான்.

"ஆன் பண்ணுனா புதுசா, பழசான்னு கேக்கும். புதுசையே எடுங்க, ஒரு தொந்தரவும் வராது. பழசு எதுக்கும்மா? கழட்டிரட்டுமா?"

"இல்லய்யா, இருக்கட்டும்."

அந்த வாரம் வேலை தடையில்லாமல் நடந்தது. மஸ்கட்டில் இருக்கும் மகன் அனஸ் மட்டும் போன் செய்யவே இல்லை.

வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. ஜெய்னப் கம்ப்யூட்டரை ஆன் செய்து, பழைய டிரைவைத் தேர்ந்தெடுத்தாள். எதிர்பார்த்தபடியே திரை பாதியில் நின்றது. அதைப் படம் எடுத்து மகனுக்கு அனுப்பினாள்.

உடனே போன் வந்தது.

"என்னம்மா, மறுபடியும் நின்னுருச்சா? செத்த நேரம் லைன்ல இரு. ஒவ்வொண்ணாச் சொல்லுதேன், அமுக்கு."

"மெதுவாவே சொல்லுய்யா," என்று நாற்காலியில் சாய்ந்துகொண்டாள் ஜெய்னப். "மொதல்ல, சாப்ட்டியா?"