வெண்டலுக்கு அரைப் பக்கம்

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் உள்ள ஒரு கல்லூரியின் முன்னாள் மாணவர் இதழுக்கு, தன் வகுப்புத் தோழர்களின் செய்திகளைத் தொகுத்துத் தருபவள் டோரிஸ். அவளுக்கு ஒரு போன் வந்தது.

“வெண்டல் இறந்துட்டார்னு போன இதழ்ல அரைப் பக்கம் எழுதியிருந்தீங்களே, படிச்சு அழுதுட்டேன்.”

“தங்கமான மனுஷன். நீங்க அவர் தம்பியா?”

“வெண்டல்தான் பேசறேன், டோரிஸ்.”

“ஐயோ, யாரோ சொன்னதை நம்பிட்டேன். மன்னிச்சிடு. அடுத்த இதழ்லயே திருத்தம் போட்டுடறேன்.”

“என் கல்யாணம், பேத்தி பொறந்தது, தேனீ வளர்த்துப் பரிசு வாங்கினது, எல்லாம் எழுதி அனுப்பினேன். இடமில்லைன்னு ஒண்ணைக்கூட நீ போடலை.”

டோரிஸ் போன இதழை எடுத்து அந்த அரைப் பக்கத்தைப் புரட்டினாள்.

“திருத்தத்துக்கு எவ்வளவு இடம் தருவே?”

“ஒரு வரி,” என்றாள் டோரிஸ்.

“அப்ப நான் செத்தவனாவே இருந்துக்கறேன், விடு.”